காலைக் கொப்பி: படம் ஏன் போடவில்லை என்று கேட்டவர்களுக்கு

 

எங்கள் வகுப்பின் காலைக் கொப்பியைப் பற்றி முன்பு ஒரு தடவை இரண்டு வரி எழுதியிருந்தோம். அதற்குப் பிறகு பஸ்ஸிலும் பசாரிலும் பெற்றோர் கூட்டத்திலும் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது ஒரே கேள்விதான். "டீச்சர், பிள்ளைகள் வரைந்ததை நாலு படம் எடுத்துப் போடுங்களேன், நாங்களும் பார்ப்போமே."

இந்தப் பதிவிலும் படம் இல்லை. ஏன் இல்லை என்பதையும், வீட்டில் எப்படித் தொடங்குவது என்று கேட்டவர்களுக்குப் பதிலையும் சேர்த்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

"நாங்கள்" என்று இங்கே சொல்வது வகுப்பாசிரியரையும் தரம் 5 பிள்ளைகளையும் சேர்த்து. வீட்டுப் பேச்சு வரும் இடத்தில் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் இரண்டாம் தவணையில், பிள்ளைகள் தரம் 4-இல் இருந்தபோது இது ஆரம்பமானது. பெரிய திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. தூரத்துத் தோட்டங்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பஸ். அது வந்து சேரும்போது மணி ஏழு ஆகியிருக்காது. பாடசாலை மணி அடிப்பது 7.30-க்கு. அம்மா பெரட்டுக்குப் போக வேண்டும், அதனால் பக்கத்து லயத்துப் பிள்ளைகளும் நேரத்தோடு கிளம்பி வந்துவிடும். மடுல்சீமைக் குளிர் உங்களுக்குத் தெரியும். கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் தூங்கி வழிவார்கள், பாதிப் பேர் சண்டை பிடிப்பார்கள்.

அந்த நேரத்தில் கணக்குச் செய்ய வைக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நாள் முழுக்கப் பாடம் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பி வந்த பிள்ளைக்கு, யாரும் எதுவும் கேட்காத பதினைந்து நிமிடம் ஒன்று தேவை என்று எங்களுக்குப் பட்டது.

எண்பது பக்க ஒற்றைறூல் கொப்பிகளை பசாரில் போட்டோ கொப்பிக் கடையில் கொடுத்து நடுவில் வெட்டி எடுத்தோம். ஒரு கொப்பி இரண்டு பிள்ளைக்கு. சின்னதாக, சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவு. அதற்குக் "காலைக் கொப்பி" என்று பெயர் வைத்தது பிள்ளைகள்தான்.

முதல் நாள் ஒருவரும் பென்சிலைத் தாளில் வைக்கவில்லை. "எனக்கு வரைய வராது டீச்சர்" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வெள்ளைத் தாள் பெரியவர்களையே பயமுறுத்தும். அதனால் ஒரு நெருப்புப் பெட்டியைக் கொடுத்து, அதைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடச் சொன்னோம். அந்தப் பெட்டிக்குள் மட்டும் வரைந்தால் போதும். அவ்வளவு சின்ன இடத்தில் நன்றாக வரையவும் முடியாது, கெட்டுப் போகவும் இடமில்லை. பயம் அன்றைக்கே பாதி போய்விட்டது.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மேலே திகதி. அதற்குக் கீழே வானம் எப்படி என்று ஒரு வரி. பிறகு பெட்டிக்குள் ஒரு படம். கடைசியில், வீட்டில் இருந்து வகுப்பு வரும் வரை கண்ணில் பட்ட ஒன்று, காதில் விழுந்த ஒன்று. முடிந்தது.

இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு கோடை விடுமுறைக்கு வீட்டுவேலையாகவே "எனிக்கி" என்ற படத் தினக்குறிப்பு கொடுப்பார்கள். மேல் பாதியில் படம், கீழ் பாதியில் எழுத்து. அமெரிக்காவில் விஸ்கொன்சின்-மடிசன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் லிண்டா பெரி என்ற ஓவியர், வளர்ந்த மாணவர்களுக்கே இப்படி ஒரு பக்கத்தைத் தினமும் செய்யச் சொல்கிறார். அன்று செய்தவை, பார்த்தவை, காதில் விழுந்த ஒரு பேச்சு, அவசரமாக ஒரு படம். சில நிமிடங்களில் முடிய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 2014-இல் வெளிவந்த அவருடைய "சிலபஸ்" என்ற புத்தகத்தில் இந்த முறை இருக்கிறது. அங்கே பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பொருந்துவது இங்கே தரம் 4-க்கும் பொருந்தியது.

எங்களுக்கு ஐந்து சட்டங்கள் இருக்கின்றன. பிள்ளைகளும் சேர்ந்து வைத்தவை.

ஒன்று: புள்ளி இல்லை, சிவப்புப் பேனை இல்லை, நட்சத்திரமும் இல்லை. எழுத்துப் பிழையைக்கூட அந்தக் கொப்பியில் திருத்துவதில்லை. அதற்கு வேறு கொப்பி இருக்கிறது.

இரண்டு: றப்பர் இல்லை. கோடு தப்பினால் அதன் மேலேயே இன்னொரு கோடு.

மூன்று: "இது என்ன?" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. டீச்சரும் கேட்கக் கூடாது.

நான்கு: ஒரு நாள் விட்டுப்போனால் அதை நிரப்பத் தேவையில்லை. அடுத்த நாள் திகதியைப் போட்டுவிட்டுத் தொடரலாம்.

ஐந்து: கொப்பியைக் காட்டுவதும் காட்டாமல் விடுவதும் கொப்பிக்காரரின் விருப்பம்.

நான்காவது சட்டத்துக்கு நாங்கள் சொல்லும் உதாரணம் ஒரு பேரரசர். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தன் கையாலேயே நாட்குறிப்பு எழுதியவர். 1620-இல் காஷ்மீருக்குப் போனபோது அங்கே பூத்துக் கிடந்த பூக்களைப் பார்த்து வியந்து, தன்னுடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். எழுத்தும் படமுமாகப் பார்த்ததைப் பதிந்த மனிதர். ஆட்சியின் பதினேழாம் ஆண்டில் உடல் தளர்ந்தபோது அந்த எழுத்து வேலையை முஃதமித் கான் என்பவரிடம் ஒப்படைத்துவிட்டார். கேட்டதைச் செய்ய நாடே காத்திருந்த மனிதருக்கே கை ஓய்ந்தது. நாம் ஒரு செவ்வாய்க்கிழமை விட்டுப்போனதற்காக மனம் நோக வேண்டியதில்லை. விட்டுப்போன நாளை நிரப்ப உட்காரும் பிள்ளை, மூன்றாம் நாள் கொப்பியையே ஒளித்து வைத்துவிடும்.

இனி ஐந்தாவது சட்டம். படம் போடாததற்குக் காரணம் இதுதான்.

கல்விக் கண்காட்சி ஒன்றுக்கு இந்தக் கொப்பிகளை வைக்கலாமே என்று நல்ல மனதோடு ஒருவர் கேட்டார். வகுப்பில் கேட்டுச் சொல்கிறோம் என்றோம். பிள்ளைகளிடம் கேட்டபோது ஆறேழு பேர் உடனே கை உயர்த்தினார்கள். மற்றவர்கள் பேசவில்லை. பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் சொன்னாள்: "இதுல எங்க வீடு இருக்கு டீச்சர்."

அதற்கு மேல் நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பிகள் கண்காட்சிக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக, வைக்க விரும்பியவர்கள் தனித்தாளில் புதிதாக வரைந்து கொடுத்தார்கள்.

லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பிள்ளை சொன்னதை விளக்கத் தேவையில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குள் ஐந்தாறு பேர். அடுப்பும் அதிலேயே, படுக்கையும் அதிலேயே. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தனக்கென்று மூடி வைக்க ஒரு இடம் கிடையாது. அரைக் கொப்பி அந்த இடமாக ஆகியிருந்தது. சந்தோஷமும் அதற்குள் இருக்கும், இரவில் நடந்த சண்டையும் இருக்கும், அப்பா கொழும்பில் இருந்து எடுக்காமல் விட்ட கோலும் இருக்கும். அதை எடுத்து நம்முடைய போனில் போட்டு நூறு பேரிடம் லைக் வாங்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மினி வேர்ல்ட்ஸ் எண்ட் பார்க்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வரட்டும், நல்லது, பசாருக்கும் வியாபாரம். ஆனால் வருகிற வழியில் வாகனத்தை நிறுத்தி, கொழுந்து எடுக்கும் அம்மாமாரையும் பாதையோரம் நிற்கும் பிள்ளைகளையும் கேட்காமலே படம் எடுப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த மலையில் எல்லோரும் நம்மைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். காலைக் கொப்பியில் பார்க்கிறவர் அந்தப் பிள்ளை. எதைப் பார்ப்பது, எதை விடுவது, யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்கிறவரும் அந்தப் பிள்ளைதான். ஒன்பது பத்து வயதில் அப்படி ஒரு அதிகாரம் கையில் கிடைப்பது சின்ன விடயம் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் நம் மாவட்டத்தில் எத்தனை மலைகள் சரிந்தன என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. உறவுகளை இழந்தவர்கள் இதை வாசிக்கும் உங்களுக்குள்ளேயே இருக்கிறீர்கள். பாடசாலை மறுபடி தொடங்கியபோது, பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்று ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. ஆசிரியர் கலாசாலையில் உளவியல் படித்தோம்தான். படித்தது அந்த முதல் காலையில் வாய்க்கு வரவில்லை. வழக்கம் போல நெருப்புப் பெட்டியையும் பென்சிலையும் மேசையில் வைத்தோம்.

ஒரு பிள்ளை பதினொரு நாள் ஒரே படத்தை வரைந்தான். லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலை, அதில் ஒரு சவுக்கு மரம். அவ்வளவுதான். மூன்றாவது சட்டப்படி நாங்கள் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு கோழி வரைந்தான். கொப்பியை எடுத்துக்கொண்டு தானாகவே மேசைக்கு வந்து, "மரம் சாயல்ல டீச்சர், அங்கேயேதான் நிக்குது" என்றான். ஒவ்வொரு காலையும் மரத்தைச் சரிபார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. (அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.)

படம் வரைந்தால் மனக்காயம் ஆறிவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தூக்கம் வராத, சாப்பிடாத, பேசாத பிள்ளையை வைத்தியரிடம் அல்லது ஆலோசனை ஆசிரியரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் பேச்சு வராத நாட்களில் கைக்கு ஒரு வேலை இருந்தது. அது உதவியது.

அந்தப் பிள்ளை செய்தது நம் எல்லோருக்கும் உதவும் பழக்கமும்கூட. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. மண்சரிவுக்கு முன்னால் நிலம் சில இடங்களில் அடையாளம் காட்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்து சொல்லி வருகிறது. நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குவது. இந்த மாற்றம் நேற்றையதைப் பார்த்து வைத்த கண்ணுக்குத்தான் தெரியும். தினமும் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவைக் கோடு போட்டு வரைகிற பிள்ளை, அதில் ஒரு வெடிப்பு வந்தால் பார்க்காமல் விடாது. எச்சரிக்கை வந்தால் மட்டும் வரைந்துகொண்டிருக்கக் கூடாது, உடனே வெளியேற வேண்டும். அதையும் வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருகிறோம். ஒரு அம்மா மலையில் இருந்து நேரே வந்து, கொழுந்துக் கறை படிந்த கையோடு வாசலில் நின்று கேட்டார். "டீச்சர், இந்த வருஷம் புலமைப்பரிசில் சோதினை. புள்ள காலைல படம் வரைஞ்சிகிட்டு இருந்தா எப்பிடி?"

அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு நாள் சம்பளத்துக்காக ஒரு நாள் முழுக்க மலை ஏறுகிறவர், பிள்ளையின் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது என்று நினைப்பதில் பிழை இல்லை. அவரிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான். காலைக் கொப்பி பாட நேரத்தில் ஒரு நிமிடத்தையும் எடுப்பதில்லை. மணி அடித்தால் கொப்பி பைக்குள் போய்விடும். புள்ளி கூடும் என்று சத்தியம் செய்யவும் எங்களால் முடியாது. ஆனால் ஆரம்பத்தில் "மழை பெய்தது" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது "மழை முதலில் ஸ்டோர் தகரத்தில் கேட்டது, பிறகுதான் எங்கள் தகரத்துக்கு வந்தது" என்று எழுதுகிறது. (இதையும் கேட்டுத்தான் எழுதுகிறோம்.) அதைச் சொல்லிக் கொடுத்தது எந்தக் கட்டுரைக் கையேடும் இல்லை. காது கொடுத்துக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் சமூகத்துப் பெற்றோர் சிலர் தனியாக வேறொன்று கேட்டார்கள். உயிருள்ளவற்றின் உருவத்தை வரையலாமா என்று. உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விடயம் அது. தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆள் இல்லை. உங்கள் ஆலிமிடம் கேட்டு, உங்கள் வீட்டு வழக்கப்படி செய்யுங்கள். எங்கள் வீட்டுக் கொப்பிகளில் மனிதரும் மிருகமும் இல்லை. அதனால் வரைய ஒன்றும் இல்லாமல் போய்விடவில்லை. இலை, கேத்தல், கதவுத் தாழ்ப்பாள், பனிமூட்டத்தில் பாதி மறைந்த லைட் கம்பம். ஸ்பெயினில் அல்ஹம்ராவின் சுவர்களை நிரப்பியவர்களுக்கு வட்டமும் கோணமும் கொடியும் எழுத்துமே போதுமாக இருந்தன. வகுப்பில் யார் எதை வரைவது என்பது அவரவர் வீட்டின் முடிவு. அதிலும் நாங்கள் தலையிடுவதில்லை.

வீட்டில் எங்கள் நேரம் சுபஹுக்குப் பிறகு. தொழுதுவிட்டு, அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் வரை. பத்து நிமிடம்கூட இல்லை. போன்கள் மூன்றும் அறைக்குள் இருக்கும், அதுதான் கஷ்டமான பகுதி. எங்கள் வீட்டு ஆள் ஒவ்வொரு நாளும் ஒரே கோப்பையைத்தான் வரைகிறார். நாற்பது கோப்பை ஆகிவிட்டது. அலுக்கவில்லையா என்று கேட்டால், கைப்பிடி இன்னும் சரியாக வரவில்லை என்கிறார். உம்மா பென்சில் தொடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது தலையணை உறைக்குப் போடும் பின்னல் பூவைக் கொப்பியில் போட்டுப் பார்க்கிறார்.

ஒரே பொருளை வரைவது குறைச்சல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஹர்மானிஸ் டி அல்விஸ் என்பவர் ஓவியராக 38 வருடம் வேலை செய்தார். இலை, பூ, காய், மறுபடி இலை. அவருடைய பிள்ளைகளும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். நம் நாட்டுச் செடிகளை உலகம் அறிந்துகொண்டதில் அந்தக் குடும்பத்தின் கைக்கும் பங்கு இருக்கிறது.

சாமான் வாங்கப் பணம் வேண்டுமே என்று நினைக்காதீர்கள். பென்சில் ஒன்று போதும். நிறம் வேண்டுமென்றால் தேயிலை நம் மலையிலேயே இருக்கிறது. கடும் சாயத்தில் விரலைத் தோய்த்துத் தடவினால் மண் நிறம் வரும், காய்ந்த பிறகு இன்னொரு தடவை தடவினால் இன்னும் கடும் நிறம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்தால் மஞ்சள். பீட்ரூட் அழகாக இருக்கும், ஆனால் சில நாளில் மங்கிவிடும். துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் ஒரு கிழமை ஊற வைத்து, அந்தத் தண்ணீரில் சில சொட்டைக் கடும் சாயத்தில் விட்டால் சாயம் கறுத்து மை போல ஆகும். தேயிலையில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வரும் கறுப்பு அது. இதைப் பெரியவர்கள் செய்து கொடுங்கள். போத்தலில் "குடிக்கக் கூடாது" என்று எழுதி வையுங்கள்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு விடயம். ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு இதைக் கட்டிவிடுங்கள். தேத்தண்ணி கொதிக்கும் நேரம், பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், பிள்ளைக்கு முடி பின்னிய பிறகு வரும் ஐந்து நிமிடம். தனியாக நேரம் ஒதுக்கினால் நாலு நாளில் அந்த நேரத்தை வேறு வேலை பிடித்துக்கொள்ளும். அடுத்தது, நேற்றைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் இன்றைய பக்கத்தைத் திறவுங்கள். மாத முடிவில் ஒரு தடவை மொத்தமாகப் பார்த்தால் போதும். கச்சான் காற்று அடித்த ஆடி ஆவணி நாட்களும், சூரியனையே காணாத கார்த்திகை நாட்களும் வரிசையாக நிற்கும். நாம் எங்கே வாழ்கிறோம் என்பது அப்போது கொஞ்சம் தெரியும்.

கொப்பி வாங்க உதவி செய்ய விரும்புகிறவர்கள் பாடசாலைக்கு வந்து அலுவலகத்தில் கொடுக்கலாம். எண்பது பக்கக் கொப்பி போதும், விலை கூடிய சித்திரக் கொப்பி வேண்டாம்.

படம் போடச் சொல்லி இனிக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள். காட்டினால் பாருங்கள். காட்டாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுடைய கொப்பியில் திகதியைப் போடுங்கள்.